எல்டன் கிரீபலுக்கு அஞ்சலி

கடைசி வரிசையில் உட்கார்ந்து, மறைந்த எல்டன் கிரீபலுக்காகத் தேம்பிக்கொண்டிருந்த குட்டை மனிதனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். செத்தவர்மேல் இவ்வளவு பாசமா என்று அவர்களுக்கு நெஞ்சு இளகிப்போனது.

பாசம் இல்லாமல் இருக்குமா? எல்டன் கிரீபலே அவன்தானே.

1954, மில்வாக்கி. விஞ்ஞானக் கதை ரசிகர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடும் மாநாடு. மேடையில் தலைவர் ராஸ்கோ, "இனி இப்படி ஒரு மேதையை எப்போ பார்க்கப் போறோம்!" என்று உருகிக்கொண்டிருந்தார்.

அயோவாவில் செருப்புக் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, ஆறு வருஷமாக தன் கதைகளை நிரப்பிய 'செவ்வாய்த் தூது' என்ற பத்திரிகையை ஊதா மையில் தானே நகலெடுத்து ஊர் ஊராக அனுப்பியவன் எல்டன். காசு கேட்கவில்லை, படித்துவிட்டு ஒரு கடிதம் போட்டால் போதும் என்றான். ராஸ்கோ மட்டும் போட்டார், 'இனிமேல் தயவுசெய்து அனுப்பாதீர்கள்' என்று.

வெறுத்துப்போய்ப் போன மார்ச் மாதம் எல்டன் செத்துப்போனான். 'என் தம்பி நிமோனியாவில் காலமானான்' என்று, இல்லாத அக்கா ஹெஸ்டர் பேரில் நாற்பது பேருக்கு அஞ்சலட்டை தட்டினான். அவ்வளவுதான், ரசிகர் உலகமே ஒப்பாரி வைத்தது. பழைய இதழ்களுக்கு அடிதடி நடந்தது. அவன் பேர் பொறித்து ஒரு பித்தளை ராக்கெட் விருதும் செய்துவிட்டார்கள்.

இன்றைக்கு எல்லோரும் அழுது முடித்ததும் மேடையேறி, 'நான் சாகவில்லை' என்று சொல்லி, அந்த ராக்கெட்டைத் தன் கையாலேயே வாங்க வேண்டும். இதற்காகத்தான் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு பிணமாக இருந்தான்.

"ரொம்பப் பழக்கமோ?" பக்கத்து நாற்காலியில் இருந்த கறுப்புத் தொப்பிக்காரி கைக்குட்டையை நீட்டினாள்.

"எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு அவர வேற யாருக்கும் தெரியாதுங்க."

"நிஜமாவே மேதையா?"

"மேதையேதான். உயிரோட இருந்தப்ப ஒரு பயலுக்கும் உறைக்கல."

"என் கதையும் அதேதாங்க. எட்டு வருஷமா எழுதி அனுப்பறேன். பொம்பளைக்கு ராக்கெட்டப் பத்தி என்ன தெரியும்னு படிக்காமலே திருப்பிடறாங்க." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆமா, அவரோட அக்கான்னு ஒருத்தர் இருக்காங்களாமே, இங்க யாராவது அவங்களப் பார்த்திருக்காங்களா?"

எல்டனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஒருத்தரும் பார்த்ததில்ல. பார்க்கவும் முடியாது."

"ஓகோ" என்றாள். கைக்குட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு எழுந்து போனாள்.

எல்டன் டையைச் சரிசெய்துகொண்டு எழப்போன நேரம், ராஸ்கோ தொண்டையைச் செருமினார்.

"நண்பர்களே, யாருமே எதிர்பார்க்காத சேதி. எல்டனோட அக்கா மிஸ் ஹெஸ்டர் கிரீபல் நம்ம மத்தியில இருக்காங்க!"

மண்டபமே எழுந்து நின்றது. கறுப்புத் தொப்பிக்காரி மேடையேறி, ராக்கெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மினாள். தம்பியின் கதைகளையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தியதே தான்தான் என்றும் விம்மலுக்கு நடுவே சொல்லிவைத்தாள். முன்வரிசையில் இருந்த இரண்டு பத்திரிகை ஆசிரியர்கள் அங்கேயே தங்கள் பத்திரிகைக்கு அவளிடம் கதை கேட்டார்கள்.

எல்டன் துள்ளி எழுந்தான். நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி மேடையில் ஏறினான்.

"பொய்! பச்சைப் பொய்! எனக்கு அக்காவே கிடையாது! நான்தான் எல்டன்! உயிரோட இருக்கேன், நல்லாப் பாருங்கய்யா!"

ஒரு கைகூடத் தட்டவில்லை. அங்கே யாருமே எல்டனின் முகத்தைப் பார்த்ததில்லை. ஆறு வருஷமும் தபால் பழக்கம்தான். சாவு வீட்டில் கலாட்டா செய்ய வந்தவனைப் பார்ப்பதுபோல் எல்லோரும் முறைத்தார்கள். இரண்டு பேர் கோட்டைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார்கள்.

ராஸ்கோ தயக்கத்தோடு திரும்பினார். "அம்மா, இவரு உங்க தம்பியா?"

அவள் எல்டனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், அடிச்சிடாதீங்க சார். தம்பி போனதுலேர்ந்து இவரு மூணாவது எல்டன்."