நீலப்பூவுக்குப் பேரம்

"என்ட பேரை வைக்கிறதெண்டாச் சொல்லு புள்ள, காணியை விடுறன். இல்லாட்டி நாளைக்கு விடியக் கிறவல் மண் கொட்டி நிரப்புவன்."

சொல்லிவிட்டுச் சீனித்தம்பி முதலாளி தன் வீட்டுத் திண்ணையில் இருந்து தேத்தண்ணியை நிதானமாக உறிஞ்சினார். எதிரே இருந்த கஜானி தன் தேத்தண்ணியைத் தள்ளி வைத்தாள்.

வவுணதீவில், வாவிக்கரையோரம் கிடந்த அவருடைய காணியில்தான் அந்த நீலப்பூச் செடியை அவள் கண்டுபிடித்திருந்தாள். வேறெங்கும் யாரும் கண்டிராத செடி. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கும் அவளுக்கே அதற்கு விஞ்ஞானப் பெயர் வைக்கும் உரிமை. முதலாளிக்கோ அந்தக் கரையை நிரப்பிக் கல்யாண மண்டபம் கட்ட வேண்டும்.

"கரையை நிரப்புறவர்ட பேரைக் கரைச்செடிக்கு வச்சா, படிச்ச ஆக்கள் சிரிப்பாங்க முதலாளி."

"அப்ப கடைப் பேரை வை. சீனித்தம்பி ஸ்டோர்ஸ்."

"செடி என்ன, சவர்க்காரமா?"

"ஓ… உன்ட பேரை வைக்கப்போறியாக்கும்?"

"தன்ட பேரைத் தானே வைக்கிற வழக்கம் எங்களுக்குள்ள இல்ல."

"பாத்தியா! பேர் சும்மாதான் கிடக்கு. சரக்கைக் கையில வச்சிக்கொண்டு விலை சொல்லத் தெரியல்ல உனக்கு."

கஜானி எழுந்துவிட்டாள். முழங்கால் சேற்றில் அலைந்த அலைச்சலெல்லாம் விடிந்தால் கிறவலுக்கடியில். அவள் படியிறங்கும்வரை பார்த்திருந்த முதலாளி, கடைசி விலை சொல்லும் வியாபாரியாய்ப் பெருமூச்சு விட்டார்.

"நில்லு புள்ள. உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம். என்ட வீட்டுக்காரிட பேரை வை. சீதேவி. அவள் ஒருத்தர்ட கரையையும் நிரப்பல்ல."

கஜானிக்குப் போன உயிர் திரும்பியது. "சம்மதம் முதலாளி! லத்தீனில பொம்பிளைப் பேருக்குக் கடைசியில 'ஏ' சேரும். சீதேவியே!"

"ஆளைக் கூப்பிடுற மாதிரியே இருக்கு. முடிஞ்சுது பேரம். காணி செடிக்கு!"

கல்லில் நார் உரித்த பெருமையோடு வாசலுக்கு வந்தவள், ஹெல்மெட்டை மறந்துவிட்டது நினைவுக்கு வரத் திரும்பினாள். உள்ளே சீதேவியின் குரல் கேட்டது.

"அந்தப் பூ வடிவெண்டு நான் சொன்னதுக்கே கிறவல் லொறியை நேற்றுத் திருப்பி அனுப்பினீங்க. பிறகேன் அந்தப் புள்ளையை இப்பிடிப் பதற வச்சீங்க?"

"போடி விசரி! நேர உன்ட பேரைக் கேட்டிருந்தாத் தந்திருப்பாளா? என்ட பேரில தொடங்கினாத்தானே உன்ட பேருக்கு இறங்கி வருவாள்!"