சாம்பல்மேட்டின் இயல்பு மூச்சு

எனக்கு இது சரியாக நினைவிருக்கிறதா என்று சந்தேகம்தான். பக்கத்து வீட்டு அமலோற்பவத்துக்குத் துணையாக எங்கள் சாம்பல்மேட்டுச் சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தேன். அங்கிருந்த மூச்சு அளக்கும் இயந்திரம் முதலில் அவளுக்கு வாழ்த்துச் சொன்னதாகத்தான் ஞாபகம். "உங்கள் மூச்சு சாம்பல்மேட்டுக்கு இயல்பானது."

"இன்னா இயல்பு? படுத்தா மூச்சு வரல, உக்காந்தே தூங்குறா," என்றார் அவள் கணவர் தேசிங்கு.

செவிலியர் பொறுமைசாலி. "அண்ணே, குப்பைமேட்டு ஓரத்துல எல்லாரும் இப்படித்தான் மூச்சு வுடுறாங்க. ஏரியாவுக்கு ஏரியா அளவு வேற. இவங்கள மட்டும் நோயாளின்னா மத்தவங்க மனசு கஷ்டப்படாதா?"

"அப்போ இவ வேலை செய்யுற பங்களா விலாசத்தப் போடு சிஸ்டர்."

செவிலியர் போட்டார். இயந்திரம் அலறியது. அதே நுரையீரலுக்கு உடனே படுக்கை, ஆக்சிஜன், நிபுணர் எல்லாம் கிடைத்தன. மறுநாள் விலாசத்தைச் சரிபார்த்தார்கள். அந்த நிமிடமே அமலோற்பவம் பூரண குணமடைந்துவிட்டதாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அவள் மார்கழியில் இறந்தாள். தேசிங்கு தனியாக இருக்கிறார். செவிலியரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். ஆரோக்கியத்தில் ஏற்றத்தாழ்வை ஒழித்ததற்காகச் சாம்பல்மேட்டுக்கு விருது கிடைத்தது. ஊர் சார்பில் அதைப் பெறப் போன நான், மேடைப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் ஏறினேன்.