காதுக்குள் ஓர் அண்ணன்

எழுதிப் பழக்கமில்லாத நான் இதை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டுகிறேன்.

கோல்ஃப் வீராங்கனை செவ்வந்தியின் முகவராகப் பதினோரு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். ஒவ்வொரு போட்டிக்கு முன்பும் தொலைபேசியில் அவருக்குத் தைரியம் சொல்வேன். சென்ற ஆண்டு அந்த உரையாடல்களின் பதிவுகள் அனைத்தையும் ஒரு கணினி நிறுவனத்திடம் கொடுத்து, என் குரலிலேயே தானாகப் பேசும் காதுக்கருவி ஒன்றைச் செய்வித்தேன். அது ஆட்டத்தின் நடுவிலும் அவருக்குத் துணையிருந்தது. முன்பு என்னை அண்ணே என்று அழைத்தவர், நாளடைவில் அதை அண்ணே என்றும் என்னைச் சார் என்றும் அழைக்கலானார். சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் குரல் மீதே எனக்குப் பொறாமை உண்டாயிற்று.

கோவை இறுதிப் போட்டியில், கடைசிக் குழிக்கு மூன்றடித் தூரமே மீதமிருந்தது. பந்து விழுந்தால் கோப்பை அவருக்கு. நான் என் கைபேசியிலிருந்து கருவியின் பேச்சை நிறுத்திவிட்டு, அதன் வழியாக நானே பேசினேன்.

"செவ்வந்தி, இத்தனை வருசமா உனக்காக ஓடுனவன் நான். இத மட்டும் விட்டுறாதம்மா."

பந்து குழியின் விளிம்பைத் தொட்டு விலகியது.

வேலியோரம் நின்ற என்னிடம் வந்து, அவர் கருவியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

"அண்ணன் எப்பவுமே, 'குழி எங்கயும் ஓடிப்போயிறாது, மெதுவா அடி'ன்னு சிரிப்பாருங்க சார். இன்னைக்கு யாரோ உள்ள பூந்து பேசுறாங்க. கொஞ்சம் சரி பண்ணிக் குடுங்க."

"பண்ணிறலாம்மா," என்றேன். மறுநாளே கருவியைப் பழையபடி தானே பேசவைத்துக் கொடுத்துவிட்டேன்.

இழந்தவை: அவருக்கு ஒரு கோப்பை, எனக்கு ஒரு தங்கை. கருவிக்கு இழப்பு ஏதுமில்லை.