பதினாறு முன்னோர்

ஹெட்விக் எழுந்தாள், முகம் கழுவினாள், கூந்தலுக்குப் பவுடர் போட்டாள், மாமியாருக்கு எதிரே உட்கார்ந்து சூடான சாக்லேட் பானம் குடித்தாள்.

"உறிஞ்சாம குடிடி, கசாப்புக்காரி பேத்தி" என்றாள் மாமியார் வால்புர்கா சீமாட்டி.

விருந்தாளிகள் முன்னாலும் இதே பேச்சுதான்.

அன்று ஹெட்விக்கின் மகள் யூலியானாவைக் கன்னிமடத்தில் சேர்க்கும் நாள். சீதனம் மிச்சமாகும் என்று வால்புர்கா செய்த ஏற்பாடு. பெண் அழுது அழுது முகம் வீங்கியிருந்தாள்.

பெண்ணுக்கு நாலு தலைமுறைக்கு முந்தைய முன்னோர் பதினாறு பேரும் பிரபுக்கள் என்று தாய் சத்தியம் செய்தால்தான் மடத்தில் இடம்.

மடத்துச் சபையில் ஹெட்விக் உண்மையே சொல்வதாகச் சத்தியம் செய்ததும் ஒரு கிழப் பிரபு கேட்டார். "அம்மணி, உங்க பாட்டி யாரோட மக?"

"கசாப்புக்காரர் மக" என்றாள் ஹெட்விக்.

வால்புர்கா துள்ளி எழுந்தாள். "பொய்! இவ பாட்டி சுத்தமான பிரபு வம்சம். இவளை மட்டம் தட்டத்தான் நான் அப்படிச் சொல்லிட்டிருந்தேன்!"

பிரபு சிரித்தார். "உங்க வீட்டு விருந்துல நானே எத்தனை தடவை கேட்டிருக்கேன்! பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க."

குதிரை வண்டியில் யூலியானா தாயின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வால்புர்கா மருமகள் பக்கம் திரும்பினாள்.

"சத்தியம் பண்ணிட்டுப் பொய் சொன்னியேடி, வெட்கமா இல்ல?"

"நீங்க தினமும் சொன்னீங்க அத்தை. நான் ஒரு நாள்தான் சொன்னேன்."