நெய்னார் அடித்த பந்து

நெய்னார் அடித்த பந்து இன்றைக்கும் கோட்டுக்கு வெளியே, கரையில் இழுத்து வைத்திருந்த தோணிகளையும் தாண்டிப் போய் விழுந்தது.

"ஆஸ்பத்திரியில மருந்துக் குளுசையை எண்ணிப் போடத் தெரியுது, பந்தை எங்க போடுறதெண்டு தெரியல்ல," என்றான் றஸ்மி.

குறிஞ்சிப்பிட்டி வொலிபோல் டீமே சிரித்தது. கப்டன் ஃபாஹிமுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஞாயிறு முந்தல் டீமோடு மெட்ச்.

அசர் தொழுதுவிட்டு விளையாட்டுப் பார்க்க வரும் முத்தலிபு மாமா கதிரையை விட்டு எழும்பினார். நீரிழிவு பிடித்த சீனி வருத்தக்காரர். அறுபத்திரண்டு வயது. சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினார். இன்றைக்கு இது பதினாலாவது ஓட்டம்.

"வருத்தக்கார மனிசனை இப்படி ஓட வைக்கிறியே, உனக்கு ஈவிரக்கம் இல்லையா? ஞாயிறு நீ டீமில இல்ல," என்றான் ஃபாஹிம்.

நெய்னார் தன் செருப்பொன்றை எடுத்து வலைக்கு அந்தப் பக்கம், மூலையில் வைத்தான். காற்றுக் குறைந்து ஓரமாய்க் கிடந்த பழைய பந்தைத் தூக்கிப் போட்டு அடித்தான்.

ஒரே அடி. செருப்பு துள்ளி விழுந்தது.

"அப்ப ஏண்டா...?"

"நடங்க மாமா எண்டு மூணு மாசமாச் சொன்னேன். 'சோலியில்லாதவந்தான் சும்மா நடப்பான், நீ குளுசையத் தா' எண்டார். போன கிளினிக்ல சீனி முந்நூறு. இப்படியே போனா கண் போயிடும் எண்டு டொக்டர் சொல்லிட்டார்." நெய்னார் குரலைத் தாழ்த்தினான். "பந்தெண்டா ஓடுறார். நேத்துப் பார்த்தேன், நூத்தி அறுபது. மெட்ச்ல உள்ளுக்குத்தான் அடிப்பேன். என்னைக் கழட்டிராத."

ஃபாஹிம் தலையைச் சொறிந்தான்.

மூச்சு வாங்க வந்த முத்தலிபு மாமா, பந்தை றஸ்மியிடம் எறிந்துவிட்டு, ஃபாஹிமின் தோளில் கைபோட்டு ஒரு பக்கமாய்த் தள்ளிக்கொண்டு போனார்.

"நீ ஏசினது அங்கால வரைக்கும் கேட்டிச்சி மகன். நெய்னாரை வெளிய போடப் போறியா?"

"அது வந்து மாமா..."

"போட்டிராத. அவனுக்கு விளையாட்டு சுட்டுப் போட்டாலும் வராது, ஊருக்கே தெரியும். ஆனா காலையில இருந்து வருத்தக்காரங்கட முகத்தையே பார்த்துக்கொண்டிரிக்கிற புள்ள, இங்க வந்தாத்தான் சிரிக்கிறான். பந்து எடுக்க ஆளில்லாட்டி நீங்க அவனைக் கழட்டிருவீங்க எண்டுதான், இந்த முழங்கால் நோவோட நான் தினமும் ஓடுறேன்."