தோசைக்கல் விசிறி

திருத்தணி மலைப்படிக்குக் கீழே, கண்ணையனின் வீட்டு முன்பக்கம்தான் டிபன் கடை. தோசைக்கல் ஓரத்தில், மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த குட்டி விசிறி ஒன்று நிற்கும். அதற்குக் கரண்ட் வேண்டாம்; கல் சூடானால் சுற்றும், ஆறினால் நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கைத் தினமும் கண்ணையனே துடைப்பான்.

அவன் செத்த அன்று வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ஆண்கள் அவனைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப்போனார்கள். அங்கே கொள்ளி வைத்திருக்கும் நேரத்தில், இங்கே விசிறி சுற்றத் தொடங்கியது. மனைவி பங்காரு கல்லைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

மறுநாள் காலையிலும் அது நிற்கவில்லை. சாம்பலுக்குப் பால் தெளிக்கப் போன மகன் பாலமுருகன் காலிச் சொம்போடு திரும்பினான்.

"நைனா சாம்பல் நல்லா ஆறிப்போச்சும்மா. பால் ஊத்திட்டு வந்துட்டேன்."

பங்காரு விசிறியைப் பார்த்தாள்.

"இன்னும் ஆறலடா," என்றாள். "இன்னொரு சொம்பு எடுத்துகினு போ."