மீசை வைத்த காகம்

காகம் இலைப்பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வந்து மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் உட்கார்ந்தது.

ஈஜோக் செம்பனைத் தோட்டத்தில் உச்சி வெயில். அடுக்கிக் கிடந்த காய்ந்த ஓலைகளின்மேல் வாழையிலையை விரித்து, சோறும் வடையும் பாயசமும் வைத்துவிட்டு, அரைமணி நேரமாக நான் கா கா என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

இன்று என் வீட்டுக்காரருக்கு முதல் வருஷத் திதி. காகம் எடுக்காமல் வீட்டில் யாரும் கை நனைக்க முடியாது. காலையிலிருந்து மதில்மேல் இலை வைத்துப் பார்த்தாகிவிட்டது. போன வாரம்தான் நகராட்சி ஆட்கள் வந்து எங்கள் தாமான் குடியிருப்பில் காகங்களைச் சுட்டுத் தள்ளினார்கள். தப்பித்தவை அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை.

"சிவநேசண்ணன் வேலை செஞ்ச தோட்டத்துலயே வச்சிட்டு வாங்கண்ணி. பதினஞ்சு பேரு பசியோட உக்காந்திருக்கோம்லா," என்று நாத்தனார் சந்திரிகாதான் விரட்டிவிட்டாள்.

காகம் எடுக்காவிட்டால் போனவருக்கு ஏதோ மனக்குறை என்பார்கள். அதைத் தீர்ப்பதாக வாய்விட்டுச் சொன்னால் வந்து எடுக்குமாம். மதிலருகே ஆளாளுக்குச் சொல்லிப் பார்த்தார்கள். வீட்டை விற்க மாட்டோம் என்றார்கள். இந்த வருஷமே ஷர்மினிக்குக் கல்யாணம் முடித்துவிடுகிறோம் என்றார்கள். என் மகள் முறைத்த முறைப்பில் வர இருந்த காகமும் பறந்திருக்கும்.

நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய குறை என்னவென்று எனக்குத் தெரியும்.

பாகற்காய்.

அவருக்கு இனிப்புநீர் நோய் இருந்தது. தினமும் எவர்சில்வர் டப்பாவில் அடியில் மூன்று சப்பாத்தி, மேலே பாகற்காய் வறுவல் வைத்து, இரண்டு பக்கமும் கிளிப்பை அழுத்தி மாட்டி, மோட்டார் கூடையில் வைத்து அனுப்புவேன். செம்பனைக் குலை வெட்டிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்து நிற்பார். டப்பா திறந்து கிடக்கும். சப்பாத்தி இருக்காது. பாகற்காய் மட்டும் கூடையெங்கும் இறைந்து கிடக்கும்.

"காக்கா தொறந்து தின்னிருச்சு புள்ள. பசிக்குது, கொஞ்சம் சோறு போடு," என்பார்.

யாரிடம் கதை விடுகிறார்! காகம் கிளிப்பைத் திறக்குமாம். கசப்பை ஒதுக்கி வைத்துவிட்டுச் சப்பாத்தியை மட்டும் தின்னுமாம். சப்பாத்தியையும் முடித்துவிட்டு வீட்டில் இன்னொரு தரம் சோறு கேட்கிற தந்திரம் என்று எனக்குத் தெரியாதா?

"அந்தக் காக்காவுக்கு மீசை இருக்குமே?" என்று கேட்பேன்.

கேட்டதோடு விட்டேனா? அக்கம்பக்கமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். கூட வேலை செய்தவர்களே அவரை மீசைக் காக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

காகம் கைப்பிடியிலிருந்து கூடை விளிம்புக்கு இறங்கியது.

அவருடைய மோட்டார்தான். அதே கூடை, அதே டப்பா. இலையில் வைத்தது போக மிச்ச வடையும், அதன்மேல் பாகற்காய் வறுவலும் உள்ளே இருந்தன. ஆமாம், படையலுக்கும் வறுத்தேன். "செத்தும் விடமாட்டீங்களாண்ணி?" என்று சந்திரிகா கேட்டாள். கை பழகிவிட்டது, என்ன செய்வது?

காகம் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தது. விரட்டத்தான் கையை ஓங்கினேன். என்னதான் செய்கிறது பார்ப்போமே என்று தோன்றியது. கையை இறக்கிவிட்டேன்.

ஒரு காலை மூடிமேல் ஊன்றியது. அலகு நுனியைக் கிளிப்புக்கு அடியில் கொடுத்து நெம்பியது. டக்.

மூடிமேலேயே நடந்து அந்தப் பக்கம் போனது. இன்னொரு டக்.

தேடவில்லை, தடுமாறவும் இல்லை. எத்தனையோ தடவை செய்து பழகிய வேலை அது. மறுபடி விளிம்பில் ஏறிக்கொண்டு மூடியைக் கவ்விப் புரட்டித் தள்ளியது.

வடைமேல் பாயும் என்று நினைத்தேன்.

பாயவில்லை. மேலே கிடந்த பாகற்காய்த் துண்டு ஒன்றை எடுத்துத் தலையை உதறி வீசியது. பிறகு இன்னொன்றை. கூடையெங்கும் இறைத்துக்கொண்டு, ஒன்றுவிடாமல், பொறுமையாக ஒதுக்கி முடித்தது. அதற்கப்புறம்தான் வடையைக் கவ்வியது.

கூடையைப் பார்த்தேன். மத்தியானத்துக்கு மத்தியானம் நான் பார்த்த அதே கூடை.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டேன்.

பாகற்காயைப் பற்றி அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அவர் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். சாகிற வாரம்கூடக் கேட்டார்.

"ஒருநா நீயே தோட்டத்துக்கு வந்து பாரேன் புள்ள."

காகத்தை வேடிக்கை பார்ப்பதுதான் எனக்கு வேலையா என்று சொல்லிவிட்டேன். வீட்டிலிருந்து மோட்டாரில் பத்து நிமிஷம். இன்றைக்குத்தான் வந்திருக்கிறேன்.

கைப்பேசி அடித்தது. சந்திரிகா. "காக்கா எடுத்துச்சாண்ணி?"

"எடுத்துச்சு. எல்லாரும் சாப்பிடுங்க."

கைப்பேசியை வைத்துவிட்டு மெல்ல இரண்டடி முன்னால் போனேன். காகம் பறக்கவில்லை. வடையும் வாயுமாக என்னையே பார்த்தது. நானும் அதன் முகத்தை நன்றாகப் பார்த்தேன்.

மீசை இல்லை.